ஆளியும் தொடுதிரையும்: இயங்குதிறன் குறைந்தோருக்கான தொலைபேசி வசதிகள் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

மனிதன் ஆக்கிய கருவிகளுட் பெரும்பாலானவை கைக்கு இசைந்தவை. மேழியும் எழுத்தாணியும், தறியும் தட்டச்சுப்பொறியும் கையின் பிடியையும் விரலின் அசைவையும் அளவாகக் கொண்டே வடிவம் பெற்றன. ஆயின், எத்தகைய கை அளவாகக் கொள்ளப்பட்டது என்னும் வினா கருவிகளின் வரலாற்றை எழுதியோரால் அரிதாகவே எழுப்பப்பட்டுள்ளது. நடுக்கமற்றதும், போதிய வலுவுள்ளதும், ஐந்து விரல்களையும் தனித்தனியே இயக்கவல்லதுமான கை எல்லோருக்கும் உண்டு என்பது கருவி செய்வோரின் எழுதாத விதியாக இருந்து வந்துள்ளது. பாரிசவாதத்தாற் கை மடங்கியவர், பிறப்பிலிருந்தே பெருமூளை வாதத்துக்கு ஆளானவர், முண்ணாணில் ஏற்பட்ட காயத்தாற் கழுத்துக்குக் கீழே அசைவிழந்தவர், தசைநலிவு நோயால் நாளுக்கு நாள் வலுக் குறைபவர் ஆகியோர் இவ்விதிக்குப் புறத்தே விடப்பட்டனர்.

இவ்விதி இன்று மிகக் கூர்மையாக வெளிப்படும் இடம் திறன்பேசியாகும். கடிதம், வங்கிக் கணக்கு, பத்திரிகை, பாடநூல், விண்ணப்பப் படிவம், உற்றாரின் குரல் ஆகிய அனைத்தும் உள்ளங்கையளவான கண்ணாடித் தகடு ஒன்றினுள் அடங்கிவிட்ட காலம் இது. அத்தகட்டைத் தொட்டு இயக்க இயலாதவர் இவை ஒவ்வொன்றுக்கும் பிறர் கையை நாட வேண்டியவராகின்றார். பிறர் கையால் எழுதப்படும் கடிதத்தில் இரகசியம் இல்லை. பிறர் அறிந்த கடவுச்சொல் காவலாகாது. ஆகவே இங்கு எழும் பிரச்சினை வசதி பற்றியது மாத்திரமன்று. ஒருவர் தம் வாழ்வைத் தாமே நடத்தும் உரிமை பற்றியதுமாகும்.

இதற்கு விடையாகப் பல ஏற்பாடுகள் இன்றைய திறன்பேசிகளின் உள்ளேயே இடம்பெற்றுள்ளன. ஒற்றை ஆளியைக் கொண்டு திரை முழுவதையும் இயக்கலாம், குரலால் ஆணையிடலாம், தலையசைவாலும் கண்ணசைவாலும் தெரிவு செய்யலாம். இவை 'அணுகல் வசதிகள்' எனப்படும். இவற்றை விஞ்ஞான வளர்ச்சியின் இயல்பான விளைவென்று கருதுவோரும் உளர். பெருநிறுவனங்களின் கருணையென்று போற்றுவோரும் உளர். வரலாற்றை நோக்குமிடத்து இவ்விரு கருத்துகளும் பொருந்துவனவாக இல்லை. உடல் இயக்கம் குறைந்தோருக்கென ஆக்கப்பட்ட முறைகளே பொதுக் கருவிகளுக்கு உரமாயின என்பதும், அவ்வாறு உருவான பொதுக் கருவி அவர்களையே புறத்தொதுக்கியது என்பதும், மீண்டும் உட்புகுவதற்குப் போராட்டமும் சட்டமும் வேண்டியிருந்தன என்பதும் இக்கட்டுரையில் எடுத்துக்காட்டப்படும்.

உயிர் தப்பியோரும் ஒற்றை ஆளியும்

இரண்டாம் உலகப் போருக்கு முன்னர் முண்ணாண் முறிவுற்றோர் நெடுங்காலம் வாழ்வது அரிதாக இருந்தது. படுக்கைப் புண்ணும் சிறுநீர்த் தொற்றும் அவர்களை விரைவில் மாய்த்தன. ஜேர்மனியிலிருந்து வெளியேறி 1939இல் இங்கிலாந்தில் தஞ்சம் புகுந்த யூத நரம்பியல் வைத்தியரான லுட்விக் குட்மன், 1944ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்தில் ஸ்டோக் மண்டவில் வைத்தியசாலையில் முண்ணாண் காயப் பிரிவொன்றைத் தொடங்கினார். நோயாளரை முறையாகப் புரட்டிப் படுக்கவைத்தல், தொற்றைத் தடுத்தல், உடற்பயிற்சி, தொழிற்பயிற்சி ஆகியவற்றை ஒருங்கிணைத்த அவரது சிகிச்சைமுறை பலரை உயிர் பிழைக்கச் செய்தது. இலண்டன் ஒலிம்பிக் போட்டிகள் தொடங்கிய 1948 யூலை 29ஆம் திகதியன்றே அவர் சக்கர நாற்காலியில் இருந்தோரைக் கொண்டு அம்பெய்தற் போட்டியொன்றை நடத்தினார். பராலிம்பிக் போட்டிகளின் தோற்றுவாய் அதுவேயாகும்.

மருத்துவத்தின் இவ்வெற்றி புதியதொரு தேவையைத் தோற்றுவித்தது. உயிர் தப்பியோர் பல்லாண்டுகள் வாழ்ந்தனர். ஆனால் கழுத்துக்குக் கீழே அசைவற்றோர் அவ்வாண்டுகளை எவ்வாறு கழிப்பது? அவ்வைத்தியசாலைக்குத் தொண்டராகச் சென்றுவந்த ரெக் மாலிங் என்பவர், மிகக் கடுமையாகப் பாதிக்கப்பட்ட நோயாளர் தம் தேவையைப் புலப்படுத்த ஒரு மணியை ஒலிக்கச் செய்வதைத் தவிர வேறு வழியற்றிருந்ததைக் கண்டார். மணியொலி ஒருவர் அழைக்கின்றார் என்பதை உணர்த்துமேயன்றி, அவர் எதற்காக அழைக்கின்றார் என்பதை உணர்த்தாது. 1960களின் தொடக்கத்தில் மாலிங் இதற்கொரு தீர்வு கண்டார். நோயாளி குழாயொன்றினூடாக மெல்ல ஊதுதலும் உறிஞ்சுதலும் ஆளி ஒன்றை இயக்கும். அவ்வாளி தட்டச்சுப்பொறி, மின்விளக்கு, வானொலி, தொலைபேசி முதலியவற்றை இயக்கும். 'நோயாளி இயக்கும் தெரிவுப்பொறி' என்று பொருள்படும் ஆங்கிலத் தொடரின் முதலெழுத்துகள் 'பொசம்' என ஒலித்தன. இலத்தீன் மொழியில் 'பொசம்' என்பதற்கு 'என்னால் இயலும்' என்பது பொருள். கருவிகளின் பெயர்களுள் இத்துணைப் பொருத்தமானவை மிகச் சிலவே எனலாம்.

இக்கருவியின் உயிர்நாடி யாதெனின், ஆளி ஒன்றேயாயினும் தெரிவுகள் பல என்பதாகும். கருவி தெரிவுகளை ஒன்றன்பின் ஒன்றாகக் காட்டிச் செல்லும். வேண்டிய தெரிவு வந்ததும் பயனாளர் ஆளியை இயக்குவார். சாதாரண கருவியில் விரல் இடம்விட்டு இடம் செல்லும். எழுத்து அசையாது நிற்கும். இங்கோ எழுத்து நகரும், மனிதன் அசையாதிருப்பான். இதுவே வருடல் முறை எனப்படும். இதனாற் பயனாளர் கொடுக்கும் விலை நேரமாகும். 36 எழுத்துகளை ஒரே வரியில் வருடிச் சென்றால், ஓர் எழுத்தை அடையச் சராசரியாக 18½ படிகள் வேண்டும். அவற்றையே 6 நிரைகளும் 6 நிரல்களுமாக அடுக்கி, முதலில் நிரையையும் பின்னர் நிரலையும் தெரிவு செய்தால், சராசரி 7 படிகளாகக் குறையும். ஒரு படிக்கு ஒரு செக்கன் எனக் கொள்ளின், ஓர் எழுத்துக்கு 11 செக்கனுக்கு மேல் மீதமாகின்றது. இன்றைய திறன்பேசியின் ஆளிக் கட்டுப்பாடு இதே கணக்கின் மீதே நிற்கின்றது.

சலுகையிலிருந்து உரிமைக்கு

இங்கிலாந்தில் வைத்தியசாலையினுள் தோன்றிய இம்முயற்சிக்கு, அமெரிக்க ஐக்கிய நாடுகளில் வைத்தியசாலைக்கு வெளியே எழுந்த இயக்கமொன்று வேறொரு பொருளை அளித்தது. எட் றொபேட்ஸ் தமது 14ஆவது வயதில், 1953இல், இளம்பிள்ளை வாதத்துக்கு ஆளாகிக் கழுத்துக்குக் கீழே அசைவிழந்தார். மூச்சு விடுவதற்கும் இரும்பு நுரையீரல் என்னும் இயந்திரத்தை நம்பியிருந்தார். 1962இல் அவர் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பேர்க்லி வளாகத்தில் மாணவராகச் சேர்ந்தபோது, அவ்வியந்திரத்தை வைப்பதற்கு இடமுள்ள விடுதி இல்லையாதலின், வளாக வைத்தியசாலையின் ஒரு பகுதியே அவருக்கு விடுதியாயிற்று. அவரைப் பின்தொடர்ந்து வந்த வேறு மாணவரும் அங்கு தங்கினர். நோயாளரெனக் கருதப்பட்ட இம்மாணவர் குழு தம்மை ஓர் அரசியற் குழுவாக உணரத் தொடங்கியமை குறிப்பிடத்தக்கது. 1972இல் பேர்க்லியில் நிறுவப்பட்ட சுதந்திர வாழ்வு நிலையம் இவ்வுணர்வின் விளைவாகும். குறைபாடு உடலில் மாத்திரம் இல்லை; படிக்கட்டை மட்டும் கட்டிச் சாய்தளத்தைக் கட்டாத சமூகத்திலும் உண்டு என்பதே அவர்களது வாதம்.

1973ஆம் ஆண்டின் புனர்வாழ்வுச் சட்டத்தின் 504ஆம் பிரிவு, சமஷ்டி அரசின் நிதியைப் பெறும் எந்தத் திட்டத்திலும் இயலாமை காரணமாக ஒருவரைப் பாகுபடுத்தலாகாது என விதித்தது. ஆனால் அதனை நடைமுறைப்படுத்தும் ஒழுங்குவிதிகள் ஆண்டுக்கணக்கில் ஒப்பமிடப்படாது கிடந்தன. 1977 ஏப்பிரல் 5ஆம் திகதி, யூடித் ஹியூமன் முதலானோரின் தலைமையில், நூற்றுக்கு மேற்பட்டோர் சான்பிரான்சிஸ்கோவிலிருந்த சமஷ்டி அரச அலுவலகத்தினுள் அமர்ந்து வெளியேற மறுத்தனர். தொலைபேசித் தொடர்பு துண்டிக்கப்பட்டபோது, செவிப்புலனற்ற போராட்டக்காரர் யன்னல்களில் நின்று சைகை மொழியால் வெளியே இருந்தோருக்குச் செய்தி அனுப்பினர். கறுப்புச் சிறுத்தைகள் இயக்கத்தினர் உணவு கொண்டுவந்து கொடுத்தனர். மூன்று வாரங்களுக்கு மேல் நீடித்த இம்முற்றுகையின் விளைவாக, ஏப்பிரல் 28ஆம் திகதி அமைச்சர் ஜோசப் கலிபானோ ஒழுங்குவிதிகளில் ஒப்பமிட்டார்.

இந்நிகழ்ச்சிக்கும் தொலைபேசித் திரைக்கும் என்ன தொடர்பு என்னும் ஐயம் எழலாம். அப்போராட்டம் நிலைநாட்டிய கோட்பாடே தொடர்பாகும். சாய்தளம் கட்டிடத்துக்கு வெளியே பின்னர் ஒட்டவைக்கும் அலங்காரமன்று. கட்டிடத்தின் ஒரு பகுதியே என ஏற்கப்பட்டபின், அக்கோட்பாட்டை இயந்திரங்களுக்கும் விரிப்பது இயல்பாயிற்று. 1986இல் அதே சட்டத்தில் 508ஆம் பிரிவு சேர்க்கப்பட்டது. சமஷ்டி அரசு கொள்வனவு செய்யும் மின்னணுச் சாதனங்கள் இயலாமையுடையோராலும் பயன்படுத்தக்கூடியனவாக இருத்தல் வேண்டும் என்பது அதன் நோக்கம். 1998இல் அது வலுப்படுத்தப்பட்டது. தொலைபேசிச் சாதனம் செய்வோரும், இலகுவிற் செய்யத்தக்க அளவுக்கு, அணுகல் வசதி அளித்தல் வேண்டும் என 1996ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டத்தின் 255ஆம் பிரிவு கூறியது. பெரும் கொள்வனவாளரான அரசின் நிபந்தனையை எந்த நிறுவனமும் புறக்கணித்தல் அரிது. கருணையால் இயங்காத சந்தையை இவ்வாறு கொள்வனவு இயக்கியது.

விசைப்பலகையினுள் புகுந்த வசதி

இதே காலத்தில் விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்தில் வேறொரு முயற்சி வளர்ந்தது. 1971இல், அங்கு பட்டப்படிப்பு மாணவராயிருந்த கிரெக் வண்டர்ஹைடன், பெருமூளை வாதத்துக்கு ஆளான சிறுவன் ஒருவனின் தேவைக்கு விடைகாண முற்பட்டார். அச்சிறுவன் மரப்பலகையில் எழுதிய எழுத்துகளைச் சுட்டிக்காட்டியே பேசிவந்தான். அருகில் ஒருவர் இருந்து கையின் போக்கைக் கவனிக்காவிடின் அவன் கூற்று காற்றில் மறைந்துவிடும். வண்டர்ஹைடனும் தோழரும் ஆக்கிய பலகை, கை ஓர் எழுத்தின்மீது குறித்த நேரம் தங்கினால் மாத்திரமே அதனைப் பதிவுசெய்தது. வழியிற் பட்ட எழுத்துகளையும் நடுக்கத்தால் நேர்ந்த தொடுகைகளையும் புறக்கணித்தது. நடுங்கும் கையைத் திருத்த முயலாது, நடுக்கத்தைப் பொறுத்துக்கொள்ளக் கருவிக்குக் கற்பித்தமையே இதன் சிறப்பு.

இம்முயற்சியிலிருந்து வளர்ந்த திரேஸ் நிலையம், பின்னர் கணனி விசைப்பலகையை ஆராய்ந்தது. இரண்டு விசைகளை ஒருங்கே அழுத்த வேண்டிய இடத்து, ஒற்றை விரலோ வாயிற் கவ்விய குச்சியோ மாத்திரம் உடையவர் யாது செய்வார்? ஒன்றன்பின் ஒன்றாக அழுத்தினும் ஒருங்கே அழுத்தியதாகக் கணனி கொள்ளும்படி 'ஒட்டும் விசை' என்னும் ஏற்பாடு வகுக்கப்பட்டது. தவறுதலான அழுத்தங்களை வடிகட்டுதல், விசைகளாலேயே சுட்டியை நகர்த்துதல் ஆகியனவும் இவ்வாறே தோன்றின. 1980களின் பிற்பகுதியில் அப்பிள் நிறுவனத்தின் மக்கின்ரொஷ் கணனிகளிலும், 1995இல் மைக்ரோசொப்ட் நிறுவனத்தின் விண்டோஸ் 95 இயங்குதளத்திலும் இவை உள்ளடக்கப்பட்டன. தனியே விலைகொடுத்து வாங்க வேண்டியிருந்த ஒன்று, எல்லோர் கணனியிலும் ஏலவே இருப்பதாயிற்று. இது விலையை மாத்திரம் குறைக்கவில்லை. எந்த நூலகத்திலும் எந்த அலுவலகத்திலும் உள்ள கணனியின் முன் அமரும் உரிமையையும் அளித்தது.

சொல்லை முன்னுணரும் பொறி

வருடல் முறையின் பெருங்குறை அதன் மந்தகதி என்பது முன்னர் கூறப்பட்டது. இதனை வெல்ல எடுத்த முயற்சிகளுள் ஒன்று, தட்டும் எழுத்துகளின் தொகையைக் குறைப்பதாகும். பௌதிகவியலாளர் ஸ்டீவன் ஹோக்கிங் இயக்க நரம்பணு நோய்க்கு ஆளானமை 1963இல் அறியப்பட்டது. 1985இல் நுரையீரல் அழற்சியைத் தொடர்ந்து செய்யப்பட்ட தொண்டைச் சிகிச்சையால் அவர் பேச்சையும் இழந்தார். கலிபோர்னியாவைச் சேர்ந்த வோல்ட் வோல்டொஸ் என்பவர், அதே நோய்க்கு ஆளான தம் மாமியாருக்காக உருவாக்கிய நிரல் அவருக்கு உதவியது. திரையில் வருடிச் செல்லும் சொற்களை ஹோக்கிங் கையாளியால் தெரிவு செய்தார். அடுத்து வரக்கூடிய சொற்களை நிரல் முன்வைத்தது. நிமிடத்துக்கு 15 சொற்கள் வரை இவ்வாறு அமைத்தார் அவர். கை வலுவிழந்தபின் கன்னத்தின் தசையசைவே ஆளியாயிற்று. 2014இல் இன்டெல் நிறுவனம் அவருக்கு அமைத்த புதிய ஏற்பாட்டில், சுவிப்ட்கீ என்னும் திறன்பேசி விசைப்பலகையின் முன்னுணர் நுட்பம் பயன்படுத்தப்பட்டது.

திறன்பேசியின் நுட்பம் சக்கர நாற்காலிக்கு வந்ததென இதனை மட்டும் கொண்டு முடிவுசெய்தல் தவறாகும். அதற்கு முன்னரே எதிர்த்திசையிற் பயணம் நிகழ்ந்திருந்தது. 1995இல் சியாற்றிலில் தொடங்கப்பட்ட டீஜிக் நிறுவனத்தின் மாட்டின் கிங், கிளிவ் குஷ்லர் ஆகியோர், இயங்குதிறன் குறைந்தோருக்கான தொடர்பாடற் கருவிகளிலிருந்தே தம் பணியைத் தொடங்கியவர்கள். கண்ணசைவால் எழுதும் கருவியில், கண்ணாற் சுட்டக்கூடிய இடங்கள் சிலவேயாதலின், ஓரிடத்துக்குப் பல எழுத்துகளை வைத்து, கருதிய சொல் எதுவென்பதைக் கணனியே ஊகிக்கும்படி செய்தனர். இதே முறை கைத்தொலைபேசியின் ஒன்பது இலக்க விசைகளுக்கு மாற்றப்பட்டு 'ரி9' என உலகெங்கும் பரவியது. தொடுதிரைக்கு முந்திய காலத்தில் இலக்க விசைகளால் விரைந்து குறுஞ்செய்தி எழுதிய கோடிக்கணக்கான இளைஞர், கையசைக்க இயலாதோருக்கென எண்ணப்பட்ட முறையொன்றையே அறியாது பயன்படுத்தினர்.

தொடுதிரை: திறந்த கதவும் அடைத்த கதவும்

இவ்வரலாற்றின் மிகப் பெரிய முரண் தொடுதிரையிற் காணப்படுகின்றது. டெலவெயர் பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவராயிருந்த வெயின் வெஸ்டர்மன், இடையறாது தட்டச்சுச் செய்தமையால் கைகளில் ஏற்பட்ட கடும் நோவினால் வருந்தினார். விசையை அழுத்தும் விசையே நோவுக்குக் காரணமாயின், அழுத்தம் வேண்டாத பரப்பொன்றை ஆக்கலாகாதா என்பது அவரது வினா. பல விரல்களை ஒருங்கே உணரும் பரப்புப் பற்றிய அவரது கலாநிதிப் பட்ட ஆய்வு 1999இல் நிறைவுற்றது. அவரும் பேராசிரியர் ஜோன் இலாயஸும் 1998இல் தொடங்கிய பிங்கர்வேர்க்ஸ் நிறுவனம் இவ்வகை விசைப்பலகைகளை விற்றது. கைநோவுடையோர் அவற்றை விரும்பி வாங்கினர். 2005இல் அப்பிள் நிறுவனம் பிங்கர்வேர்க்ஸை வாங்கியது. அவ்விசைப்பலகைகளின் விற்பனை நின்றது. 2007இல் வெளிவந்த ஐபோனின் பல்விரல் தொடுதிரைக்கு இவர்களது அறிவு உரமாயிற்று. நோவுற்ற கைகளுக்காகப் பிறந்த நுட்பம் உலகப் பொதுவுடைமையானபோது, அக்கைகளுக்கென ஆக்கப்பட்ட பொருள் சந்தையிலிருந்து மறைந்தது.

புதிய திரை நோவுற்ற விரலுக்கு இதமளித்தது. ஆனால் அசையாத விரலுக்குக் கதவை அடைத்தது. பழைய கைத்தொலைபேசியின் விசைகளைத் தடவி அறியலாம்; முழங்கை முனையாலோ வாயிற் கவ்விய குச்சியாலோ அழுத்தலாம். கொள்ளளவ முறையில் இயங்கும் தொடுதிரையோ மின்னைக் கடத்தும் உடலின் அணுகுகையையே உணர்வது. மரக்குச்சியையும், பிளாத்திக்காலான செயற்கை விரலையும் அது உணராது. அன்றியும், இரு விரலால் விரித்தல், விரைந்து வழித்தல், அழுத்திப் பிடித்தல் போன்ற சைகைகள் நுண்ணிய கையசைவை வேண்டுவன. நடுங்கும் கையின் ஒரு தொடுகையை அது இரண்டாகவோ மூன்றாகவோ எண்ணியது. விஸ்கொன்சினில் 1971இல் விசைப்பலகைக்குக் கற்பிக்கப்பட்ட பாடத்தைப் புதிய திரை மறந்துவிட்டிருந்தது.

மறந்த பாடம் படிப்படியாகவே மீட்கப்பட்டது. பார்வையற்றோருக்கான திரைவாசிப்பு 2009இல் ஐபோனில் இடம்பெற்றது. இயங்குதிறன் குறைந்தோர் மேலும் காத்திருக்க வேண்டியிருந்தது. 2011இல் வந்த 'துணைத் தொடுகை' வசதி, பல விரல் வேண்டிய சைகைகளை ஒரு விரலாற் செய்ய இடமளித்தது. ஆளிக் கட்டுப்பாடு 2013இல் வந்தது. ஐபோன் தோன்றி ஆறு ஆண்டுகள் கழிந்தபின்னரே, ஒற்றை ஆளி மாத்திரம் உடைய ஒருவர் அதனை முழுமையாக இயக்க முடிந்தது. திரையிலுள்ளவற்றை ஒளிச்சட்டம் ஒன்று வருடிச் செல்ல, தலையருகிலோ முழங்காலருகிலோ பொருத்திய ஆளியை இயக்கித் தெரிவு செய்யும் இம்முறை, மாலிங்கின் குழாயிலிருந்து கொள்கையளவில் வேறுபட்டதன்று. தலையை இடப்புறமோ வலப்புறமோ அசைத்தலையே முன்புறக் கமரா ஆளியாகக் கொள்ளும் வசதியும் அதனுள் இருந்தது. கூகிளின் அன்ட்ரொயிட் இயங்குதளம் 2014இல் தன் ஐந்தாம் பதிப்பிற் கூடுதலாக இதனையொத்த ஆளி அணுகலைத் தந்தது. தொடுகை எவ்வளவு நேரம் நீடித்தாற் கணக்கிற் கொள்வது, மீள்தொடுகையை எவ்வாறு புறக்கணிப்பது என்பவற்றைப் பயனாளரே வரையறுக்கும் வசதி 2015இல் ஐபோனுக்கு வந்தது.

குரலால் இயக்கும் முறையை அன்ட்ரொயிட் 2018இலும் அப்பிள் 2019இலும் பொதுப் பாவனைக்கு விட்டன. திரையிலுள்ள ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் இலக்கம் தோன்றும். பயனாளர் அவ்விலக்கத்தைச் சொன்னாற் போதும். 2021இல் அன்ட்ரொயிட், புன்னகையையும் புருவ உயர்வையும் ஆளியாகக் கொள்ளும் வசதியை அளித்தது. அதே ஆண்டில் அப்பிள், வாயால் எழுப்பும் சிறு ஒலிகளை ஆளியாக்கியது. 2024இல் ஐபோனின் முன்புறக் கமராவைக் கொண்டே கண்ணசைவைத் தொடரும் வசதி வந்தது. முன்னர் இதற்கெனத் தனியாக விற்கப்பட்ட கருவிகள் ஆயிரக்கணக்கான டொலர் விலையுடையனவாக இருந்தமையை நினைவிற்கொள்ளின், இம்மாற்றத்தின் பெறுமதி விளங்கும்.

இவ்வளர்ச்சி நிகழ்ந்த காலத்திற் சட்டமும் தொடர்ந்து முன்சென்றது. ஐக்கிய நாடுகள் சபை 2006 டிசெம்பர் 13ஆம் திகதி ஏற்றுக்கொண்ட இயலாமையுடையோர் உரிமைகள் பற்றிய சமவாயத்தின் 9ஆம் உறுப்புரை, கட்டிடம், போக்குவரத்து ஆகியவற்றோடு தகவல், தொடர்பாடல் தொழினுட்பத்தையும் அணுகல் உரிமையினுள் அடக்கியது. அமெரிக்காவில் 2010இல் நிறைவேறிய தொடர்பாடல் அணுகற் சட்டம் புதிய மின்னணுத் தொடர்பாடற் சேவைகளை உள்ளடக்கியது. 2018இல் வெளியான இணைய உள்ளடக்க அணுகல் வழிகாட்டியின் 2.1ஆம் பதிப்பு, பல விரற் சைகையால் இயங்கும் எதற்கும் ஒற்றைத் தொடுகையாலான மாற்றுவழி இருத்தல் வேண்டும் என விதந்துரைத்தது.

இன்னும் அடையாத இடங்கள்

வசதி கருவியினுள் இருத்தலும் அது வாழ்வை அடைதலும் ஒன்றல்ல. ஓர் எடுத்துக்காட்டு இதனைத் தெளிவாக்கும். வங்கிச் செயலி ஆறு இலக்கங்கொண்ட ஒருமுறைக் கடவெண்ணை அனுப்பி, அது ஒரு நிமிடத்திற் காலாவதியாகும் எனக் கூறுகின்றது. இலக்கப்பலகை 4 நிரைகளும் 3 நிரல்களும் உடையது. வருடல் முறையில் ஓர் இலக்கத்துக்குக் கூடியது 6 படிகள் வேண்டும். படிக்கு இரண்டு செக்கன் வேண்டியவருக்கு ஆறு இலக்கங்களுக்கும் 72 செக்கன் வரை செல்லலாம். தொலைபேசி அவரை ஏற்றுக்கொள்கின்றது. வங்கியின் கடிகாரம் அவரை வெளியே தள்ளுகின்றது. செயலியை ஆக்குவோர் காலவரையறையை நீடிக்கும் ஒரு தெரிவைச் சேர்த்திருந்தால் இத்தடை நீங்கும். சாய்தளம் வாயில்வரை இருந்து, வாயிலிற் படியொன்று எஞ்சிய கட்டிடத்துக்கு இதனை ஒப்பிடலாம்.

அடுத்தது மொழி. குரற் கட்டளை வசதிகள் முதலில் ஆங்கிலத்தைக் கருத்திற் கொண்டே செம்மைப்படுத்தப்பட்டன. ஆளி அத்தகையதன்று, அதற்கு எம்மொழியும் ஒன்றே. ஆளிக் கட்டுப்பாட்டைத் தந்த ஐபோன் இயங்குதளத்தின் அதே 2013ஆம் ஆண்டுப் பதிப்பில், தமிழ் விசைப்பலகையும் முதன்முறையாக இடம்பெற்றமை ஓர் இனிய ஒற்றுமையாகும். எனினும் தமிழெழுத்தின் இயல்பை இங்கு கருத வேண்டும். 247 எழுத்துகளையும் 16 நிரை, 16 நிரல் கொண்ட ஒரே பலகையில் அடுக்கினால், ஓர் எழுத்தை அடையச் சராசரியாக 17 படிகள் அளவில் வேண்டும். உயிரும் மெய்யுமாக 6 நிரை, 6 நிரற் பலகையில் வைத்து உயிர்மெய்யை இரு தெரிவுகளால் அமைத்தால் 14 படிகள் போதும். 1999இல் தமிழ்நாட்டு அரசு ஏற்ற தமிழ்99 விசைப்பலகையிற் போல அகரமேறிய மெய்க்கு ஒரே தெரிவு எனக் கொள்ளின், அதற்கு 7 படிகளே செல்லும். மெய்யோடு உயிர் சேர்ந்து உயிர்மெய்யாகும் என்ற இலக்கணப் பாகுபாடு, கையசைக்க இயலாத ஒருவரின் நேரத்தை மீதப்படுத்தும் வாய்ப்பை உடையது. மிகுதியாக வழங்கும் எழுத்துகளை முன்னிரைகளில் வைத்து இதனை மேலும் செம்மைப்படுத்தலாம். இது பெருநிறுவனங்களுக்காகக் காத்திருக்க வேண்டாத பணி. தமிழ் மொழியியலும் கணனியியலும் பயிலும் மாணவர் கூடிச் செய்யத்தக்கது.

இலங்கைக்கு இவ்விடயம் தொலைவானதன்று. 2009இல் முடிவுற்ற நீண்ட யுத்தம் முண்ணாண் காயமுற்றோரையும் அவயவம் இழந்தோரையும் விட்டுச்சென்றது. வீதி விபத்தும் பாரிசவாதமும் அவர்களது தொகையை நாள்தோறும் கூட்டுகின்றன. இயலாமையுடையோரின் உரிமைகளைப் பாதுகாக்கும் 28ஆம் இலக்கச் சட்டம் இங்கு 1996இல் நிறைவேறியது. 2006ஆம் ஆண்டின் அணுகல் ஒழுங்குவிதிகள் பொதுக் கட்டிடங்களையும் பொதுச் சேவை இடங்களையும் முதன்மையாகக் கருதின. ஐக்கிய நாடுகள் சமவாயத்தில் 2007 மார்ச் 30ஆம் திகதி ஒப்பமிட்ட இலங்கை, 2016 பெப்ரவரி 8ஆம் திகதி அதனை ஏற்றுறுதி செய்தது. கட்டிட வாயிலைப் பற்றி எழுந்த உணர்வு, திரையின் வாயிலைப் பற்றியும் எழுதல் வேண்டும். விண்ணப்பமும் பரீட்சைப் பெறுபேறும் விரிவுரைக் குறிப்பும் திரைவழியே வரும் காலத்தில், பல்கலைக்கழகத்தின் வாயில் எதுவென்பதையும் புதிதாக வரையறுக்க வேண்டியுள்ளது.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் மூன்று உண்மைகள் பெறப்படும். இயங்குதிறன் குறைந்தோர் தொழினுட்பத்தின் பயனை இரந்து பெற்றோர் அல்லர். அதன் ஆக்கத்தில் அவர்களது தேவையும் அறிவும் ஊன்றியுள்ளன. பொதுச் சந்தை அவர்களிடமிருந்து பெற்றதைத் தானாகத் திருப்பித் தரவில்லை. முற்றுகையும் ஒழுங்குவிதியும் கொள்வனவு நிபந்தனையுமே அதனைத் திருப்பிப் பெற்றன. பெற்ற வசதியும், செயலி செய்வோர், வங்கியாளர், ஆசிரியர், மொழியறிஞர் ஆகியோர் தத்தம் இடத்திலுள்ள இறுதிப் படியை நீக்காவிடின் பயனற்றதாகும்.

மாலிங் கண்ட மணியொலி 'ஒருவர் இருக்கின்றார்' என்று மாத்திரம் கூறியது. அவர் யாது கருதுகின்றார், யாரை நேசிக்கின்றார், எதனை மறுக்கின்றார் என்பதைக் கூற அதனால் இயலவில்லை. அறுபது ஆண்டுகளுக்கு மேற்பட்ட இவ்வரலாறு அம்மணியொலியை வாக்கியமாக்கிய வரலாறாகும். அவ்வாக்கியத்தைத் தமிழிலும் தடையின்றி எழுதி முடிக்க ஆவன செய்தல் இத்தலைமுறையின் கடனாகும்.